டவரும் நாலு தோளும்

மலையூருக்கு ரோடு கிடையாது. டவர் மட்டும் உண்டு. அது ஒரே ஒரு கம்பெனியுடையது. மனைவி பிரசவ வலியில் துடித்தபோது, வேறு கம்பெனி சிம் வைத்திருந்த சடையனால் டவருக்கு அடியிலேயே நின்றும் அடிவாரத்து ஜீப்பைக் கூப்பிட முடியவில்லை. அன்று ஊரில் யாரிடமும் அந்தக் கம்பெனி சிம் இல்லை. அவள் பிழைக்கவில்லை.

டவரைப் பார்வையிட வந்த மேனேஜரிடம் அவன் கேட்டான். "எல்லா சிம்முக்கும் சிக்னல் விடக்கூடாதுங்களா?"

"நாங்க போட்ட டவர். எங்க சிம் வாங்கினவங்களுக்கு மட்டும்தான்."

இறங்கும் வழியில் மேனேஜர் பாறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். ஊர் வழக்கப்படி போர்வையை மூங்கிலில் தூளியாகக் கட்டி அவரைக் கிடத்தினார்கள். தூக்க, சடையனையும் சேர்த்து நாலு பேர் வந்தார்கள்.

"சார், இந்த நாலு பேர்ல ஒருத்தன்தான் இப்போ உங்க சிம் வாங்கியிருக்கான்," என்றான் சடையன். "அவன் மட்டும் தூக்கினாப் போதுங்களா?"

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். "எல்லாருமே தூக்குங்கப்பா."

"தூக்குறோம் சார்." சடையன் மூங்கிலுக்குத் தோள் கொடுத்தான். "என் பொண்டாட்டியையும் இதே போர்வையிலதான் தூக்கிட்டுப் போனோம்."