தொட்டிக்கு அடியில் போன புதினா

குளக்கரை ஆமைக்கு நடந்தது பச்சை அநியாயம். அது முட்டையிட்டு மூடிவைத்த மணல்மேட்டுக்குள் முள்ளம்பன்றியின் புதினா வேர் புகுந்து, வலைபோலப் பின்னி, மணலையே இறுக்கிவிட்டது. முட்டை பொரிந்தாலும் குஞ்சுகள் மேலே வர வழியில்லை. பொரிகிற நாளோ அன்றைக்குத்தான்!

ஆமை நகத்தால் தோண்டிப் பார்த்தது. வேர் அறுபடவில்லை. அதை அறுக்கக்கூடிய பல் அந்தக் கரையில் முள்ளம்பன்றிக்கு மட்டும்தான் இருந்தது. அதுவோ மறுத்துவிட்டது.

போன வருட மழைக்கே இந்தப் புதினா கரை முழுக்கப் படர்ந்து எல்லோரையும் பாடாய்ப் படுத்தியது. "இனிமேல் புதினா தொட்டியைத் தாண்டக் கூடாது" என்று நாட்டாமைக் கொக்கு அப்போதே தீர்ப்புச் சொல்லியிருந்தது. முள்ளம்பன்றியும் ஒரு மண்தொட்டியை மேட்டோரம் பாதி புதைத்து, அதில் செடியை நட்டிருந்தது.

ஆமை கொக்கைக் கையோடு அழைத்துவந்தது.

"அண்ணே, பிள்ளைங்க உள்ளே மாட்டிக்கிட்டாங்க! வேரை அறுக்கச் சொல்லுங்க!"

கொக்குக்கு நாள்தோறும் மீனோடு தின்ன ஒரு கொத்துப் புதினா போய்க்கொண்டிருந்தது. அதன் பார்வையும் அதற்குத் தகுந்தாற்போல்தான் இருந்தது.

"செடி தொட்டிக்குள்ளதானேம்மா இருக்கு?"

"நீங்க இலையைப் பார்த்துச் சொல்றீங்க. வேரைப் பாருங்க!"

முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு முன்னால் வந்தது. "வேரைப் பார்க்கணும்னா செடியைப் பிடுங்கணும். செத்துப்போனா நீ தருவியா? உன் மணல்ல இருக்கிறது ஏதாவது கோரை வேரா இருக்கும், போ!"

அப்போது மேட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. சர்ர்... சர்ர்... சின்ன நகங்கள் பிராண்டுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் அது மெலிந்தது.

ஆமை தன் ஓட்டால் தொட்டியை ஓங்கி முட்டியது. தொட்டி இம்மியும் அசையவில்லை. ஏன் அசையவில்லை?

"அண்ணே! செடியைப் பிடுங்கவே வேண்டாம். தொட்டியைத் தூக்கச் சொல்லுங்க. வேர் உள்ளேயே இருந்தா தொட்டி சும்மா வந்துடும். வரலேன்னா?"

"தூக்கு! தூக்கு!" என்று வேடிக்கை பார்த்த தவளைகள் கத்தின.

முள்ளம்பன்றி தூக்கியது. வரவில்லை.

"ஈரமண் பிடிச்சிருக்கு" என்று மழுப்பியது.

"மழை பேஞ்சு ஒரு மாசமாச்சு. ஈரம் உங்க வீட்டு விருந்தாளியா?" என்றது ஒரு தவளை.

கொக்கு முறைத்தது. முள்ளம்பன்றி மூச்சைப் பிடித்து மறுபடி இழுத்தது. தொட்டி ஒரு சாண் எழும்பியது. அடி ஓட்டையிலிருந்து வெள்ளை வேர்கள் கயிறாகத் திரண்டு, விறைப்பாக மேட்டுக்குள் ஓடின!

"கடி! உடனே கடி!" கொக்கு அலறியது.

முள்ளம்பன்றி நறநறவென்று கடித்தது. ஆமை வாரி வாரித் தோண்டியது. ஒன்று, இரண்டு, ஐந்து... கடைசியாக ஒன்பதாவது குஞ்சு, கழுத்தில் வேர் சுற்றியபடி, தள்ளாடி வெளியே வந்தது. உயிர் இருந்தது.

அப்போதும் முள்ளம்பன்றி விடவில்லை. "தொட்டியில வைக்கச் சொன்னீங்க, வெச்சேன்! தண்ணி வடியத்தான் ஓட்டை. அதுவழியா வேர் போனா, என்மேல என்ன தப்பு?"

குஞ்சின் கழுத்து வேரை அவிழ்த்துவிட்டு ஆமை நிமிர்ந்து சொன்னது: "தொட்டியை ஒரு கல்மேல தூக்கி வெச்சு, அப்பப்போ அடியில குனிஞ்சு பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். நம்முடையதை நாம் அடக்கி வைத்திருக்கிறோமா என்பதை நம் வாசலில் நின்று பார்த்தால் போதாது, அடுத்தவர் நிலத்தில் நின்று பார்க்க வேண்டும்!"