ஊசிப்பட்டி மண்டபம் கம்ப்யூட்டரில் ஏறிய கதை

ஊசிப்பட்டியில் புத்திக்குக் கொஞ்சம் பஞ்சம் உண்டு. பொறுப்புக்குப் பஞ்சமே கிடையாது. கண்மாய்க்கரைப் பழைய கல்மண்டபம் சரிய ஆரம்பித்ததும், அதைக் காப்பாற்றத் தவசி, சங்கிலி, மூக்கன் மூவரும் தாங்களாகவே ஒரு குழு அமைத்துக்கொண்டார்கள்.

பொறியாளர் எழிலரசி வந்து பார்த்தார்.

"முதல்ல இதைக் கம்ப்யூட்டர்ல முப்பரிமாண மாதிரியா செய்யணும். எல்லாப் பக்கமும் படம் எடுத்து அனுப்புங்க, எதையும் விட்டுடாதீங்க. மாதிரியும் மண்டபமும் இம்மி பிசகாமப் பொருந்தினாத்தான் பழுதுபார்க்க ஆள் அனுப்ப முடியும். மழைக்கு முன்னாடி வேலை முடியலைன்னா இது தாங்காது."

மூவரும் செல்போனும் கையுமாகச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். படிக்கட்டில் ஓர் ஆடு படுத்திருந்தது.

"விரட்டிரலாமா?" என்றான் மூக்கன்.

"எதையும் விடக் கூடாதுன்னாங்கல்ல?" என்றான் தவசி.

"ஆடு மண்டபத்துல சேர்த்தியா?"

சங்கிலி ஆட்டை வெகுநேரம் உற்றுப் பார்த்தான். "தாடி இருக்குப்பா. அந்தக் காலத்து ஆடாத்தான் இருக்கும்."

அவர்கள் அனுப்பிய படங்களை வைத்து மாதிரி தயாரானது. தூண்களோடு சேர்ந்து ஆடும் அதில் ஏறிவிட்டது.

பொருத்திப் பார்க்க எழிலரசி வந்த அன்று, ஆடு மேயப் போயிருந்தது. மூவரில் தாடி வைத்திருந்தவன் சங்கிலிதான். அவன் மறுபேச்சுப் பேசாமல் படிக்கட்டில் போய்ப் படுத்து, ஆடு மாதிரி அசைபோட்டான்.

எழிலரசி மடிக்கணினியைத் திறந்தார். அதில் இருந்த ஆட்டை அழித்தார். சங்கிலியை எழுந்துகொள்ளச் சொன்னார்.

"இப்ப ரெண்டும் அச்சு அசலாப் பொருந்துது. நாளைக்கே ஆள் வருவாங்க. மண்டபத்தை இப்படியே பத்திரமாப் பார்த்துக்குங்க" என்றார். மூவருக்கும் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் கொத்தனார்கள் சாரக்கம்புகளோடு வந்து இறங்கினார்கள். தவசி வழிமறித்தான்.

"கம்ப்யூட்டர்ல சாரம் இருக்கா?"

"இல்லை."

"நீங்க இருக்கீங்களா?"

"யோவ், விரிசலை அடைக்கத்தான்யா வந்திருக்கோம்" என்றார் மேஸ்திரி.

"விரிசல் கம்ப்யூட்டர்ல இருக்கே. அடைச்சிட்டா எப்படிப் பொருந்தும்?" என்றான் மூக்கன்.

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.

மழை பிடித்துக்கொண்டது. நாய்கூட உள்ளே ஒதுங்காதபடி மூவரும் நனைந்துகொண்டே காவல் நின்றார்கள். அவர்கள் கண்ணெதிரேயே மண்டபம் பொலபொலவென்று உட்கார்ந்தது. மூவரும் வாய்விட்டு அழுதார்கள். அழுது முடித்ததும் பொறுப்பு ஞாபகம் வந்துவிட்டது. தவசி எழிலரசிக்குப் போன் போட்டான்.

"அம்மா, மண்டபம் விழுந்துருச்சு. நீங்க பதறாதீங்க. உங்ககிட்ட இருக்கறதையும் சட்டுன்னு இடிச்சிருங்க. பொருந்தணும்ல?"