யாரும் எழுந்திருக்காத கச்சேரி

“எல்லாருக்கும் பிடிக்கணும்மா. ஒரு ஆள் விடாம பிடிக்கணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

சொர்ணலிங்கம் இப்படிக் கேட்டபோது உலகம்மை அணைமீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள்.

உலகம்மைக்கு வயது முப்பதைத் தாண்டாது. மொட்டைத் தலை, நைட்டிக்கு மேல் ஒரு துண்டு. அணைக்கரையில் ஒரு இடிந்த மண்டபத்தில் தனியாக இருந்தாள். சாமியாரா என்று யாராவது கேட்டால், “மீன் வேணுமா?” என்பாள். ஆனாலும் சுத்துப்பட்டு ஊர்க்காரர்களுக்கு மனசு குழம்பினால் அவளிடம்தான் வருவார்கள்.

சொர்ணலிங்கம் மெல்லிசைப் பாடகர். ஐம்பது தாண்டியவர். தென்பக்கம் எந்த ஊர் அம்மன் கோயிலில் கொடை விழா என்றாலும் அவர் கச்சேரிதான். அவர் மைக்கைப் பிடித்தால் பொடிசு முதல் கிழடு வரை எழுந்து ஆடும்.

கூட அவர் மனைவி பேச்சியம்மாள் வந்திருந்தாள். கையில் வெந்நீர் பிளாஸ்க்.

“யாருக்குப் பிடிக்கலை?” என்றாள் உலகம்மை.

“ஊருக்கு ஒருத்தர் இருக்காங்கம்மா. ஒரு ஊர்ல பஸ் டிரைவர். ஒரு ஊர்ல டீச்சரம்மா. ஊரே விசிலடிக்கும்போது அவங்க மட்டும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நான் உச்சத்துல இழுக்கும்போது பாத்து எந்திரிச்சுப் போயிடுவாங்க.”

“ஒண்ணுக்கு வந்திருக்கும்.”

“விளையாடாதீங்கம்மா. மூஞ்சியைப் பாத்தாத் தெரியாதா?”

ஆயிரம் பேர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், ஒருத்தர் கொண்டாடவில்லை என்று மனுஷன் மூக்கைச் சிந்துகிறார். கதை சொல்கிற எனக்கே எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்து அவர் சொன்னதைக் கேட்டால் பாவமாகவும் இருக்கும்.

“பாட்டை மாத்திப் பாத்தேன். குரலைக் குழைச்சுப் பாத்தேன். இப்பல்லாம் மேடை ஏறினாலே கண்ணு அந்த ஒரு முகத்தைத்தான் தேடுது. கண்டுபிடிச்சதும் தொண்டை அடைச்சுக்குது. போன கொடையில ஒருத்தர் எந்திரிச்சாரு. அதையே சாக்கா வெச்சுப் பாதியில இறங்கிட்டேன். இந்தத் தொண்டை போச்சுன்னா நான் செத்தவன்தாம்மா. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது.”

அவர் கண் கலங்கிவிட்டது.

“ஒருத்தர் எந்திரிச்சா இறங்கிடலாமா?”

“இறங்கலாம். கொடைக் கச்சேரியில அதுதான் வழக்கம். ஜனத்துல முதல் ஆள் எந்திரிக்கிற வரைக்கும் பாடகன் மேடையை விட்டு இறங்கக் கூடாது. அம்மனுக்கு ஆகாது.”

உலகம்மை மீனைக் கழுவிச் சட்டியில் போட்டாள். பிறகு பேச்சியம்மாளைப் பார்த்தாள்.

“உனக்கு இவர் பாட்டு எப்படி?”

பேச்சியம்மாள் பிளாஸ்க் மூடியைத் திருகினாள்.

“ஊரே கொண்டாடுதும்மா.”

“ஊரைக் கேக்கலை.”

“வெந்நீர் ஆறுது” என்று சொல்லி அவள் புருஷனுக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

உலகம்மைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

கோடையில் அணை வற்றிக் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய வரை வெடித்த சேறு. அதற்கு நடுவில் ஒரு சிமெண்டு மேடை மட்டும் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. உலகம்மை அதைக் காட்டினாள்.

“அது ஆலடிக்குறிச்சி. அணை கட்டினப்ப தண்ணிக்குள்ள போன ஊர். கடைசிக் கொடைக்குக் கச்சேரி பேசி, வெத்தலை பாக்கெல்லாம் கைமாறியாச்சு. கச்சேரி நடக்கறதுக்குள்ள தண்ணி வந்துடுச்சு.”

“ஜனங்க?”

“வேற வேற ஊருக்குப் போயிட்டாங்க.”

“பின்னே அங்க யாரு இருக்கா?”

“கச்சேரிக்குக் காத்துக்கிட்டிருக்கிறவங்க.”

சொர்ணலிங்கத்துக்கு முதுகு சில்லிட்டது. இருந்தாலும் ஆசை யாரை விட்டது?

“அவங்களுக்கு என் பாட்டு பிடிக்குமா?”

“ஒரு ஆள் விடாம.”

“எப்பப் போகணும்?”

“உச்சிப் பொழுதுல. இப்பவே நேரம் சரியாத்தான் இருக்கு.”

“வேண்டாங்க” என்றாள் பேச்சியம்மாள். “உச்சி வெயில்ல தண்ணி போன ஊருக்குள்ள யாராவது போவாங்களா?”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி நடந்தார்.

மேடையில் யாரும் இல்லை என்றுதான் நினைத்தார். ஏறிய பிறகு பார்த்தால், மூலையில் ஒருவர் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்தார். மேலெல்லாம் காய்ந்த சேறு. வாய் திறந்து திறந்து மூடியது. சத்தமே வரவில்லை. உலகம்மையின் கையில் இருந்த மீன் சொர்ணலிங்கத்துக்கு ஞாபகம் வந்தது.

“ஐயா, நீங்க எந்த ட்ரூப்?”

அவர் திரும்பவில்லை.

சொர்ணலிங்கம் முன்னால் பார்த்தார். ஜனம் உட்கார்ந்திருந்தது.

எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை. வரிசை வரிசையாக, சேற்றிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண், அவள் பக்கத்தில் இரண்டு பிள்ளைகள், தோளில் துண்டு போட்ட ஒரு இளவட்டம். எல்லா முகமும் அவரையே பார்த்தது. எல்லா முகத்திலும் சிரிப்பு.

நடுக்கத்தோடு ஒரு அம்மன் பாட்டை எடுத்தார். முடித்தார்.

கைதட்டினார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் தட்டினார்கள், ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். காய்ந்த ஓலையை அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். ஒவ்வொரு தட்டுக்கும் கைகளிலிருந்து புழுதி உதிர்ந்தது.

அவர் ஒவ்வொரு முகமாகத் தேடினார். கையைக் கட்டிக்கொண்டு யாரும் இல்லை. முகம் சுளிக்க யாரும் இல்லை.

அடேயப்பா, என்ன சந்தோஷம் அவருக்கு! தொண்டை தானாகத் திறந்துகொண்டது. காதல் பாட்டு பாடினார். குத்துப்பாட்டு பாடினார். இருபது வருஷமாக யாரும் கேட்காத சோகப் பாட்டுக்கூடப் பாடினார். எல்லாவற்றுக்கும் அதே கைதட்டல்.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. எந்தக் கொடையிலும் ஒரு கைக்குழந்தையாவது அழும். யாராவது இருமுவார்கள். சுண்டல் விற்கிறவன் கத்துவான். இங்கே ஒரு சத்தம் இல்லை. அந்த வெயிலில் ஒருவருக்கும் வேர்க்கவில்லை. ஒருவரும் கண்ணை இமைக்கவில்லை.

அடுத்த பாட்டில் ஒரு அடி மறந்துபோய் வெறுமனே “லாலா” என்று இழுத்தார். கைதட்டினார்கள்.

சுருதி விலகிப் பாடினார். கைதட்டினார்கள்.

வேண்டுமென்றே கழுதை மாதிரி கத்திப் பார்த்தார். அதே சிரிப்பு, அதே கைதட்டல், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பயத்தில் அவருக்கு இருமல் வந்தது. இருமலுக்கும் கைதட்டினார்கள்.

“போதும். நான் இறங்குறேன்” என்று காலைத் தூக்கினார். கால் வரவில்லை. குனிந்து பார்த்தார். சிமெண்டு மேடையில் கணுக்கால் வரை சேறு ஏறியிருந்தது.

“யாராவது எந்திரிங்கய்யா!”

கைதட்டினார்கள்.

“உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், ஒருத்தர் எந்திரிங்க! எனக்குத் தொண்டை போகுது!”

அதையும் பாட்டு என்றே நினைத்தார்கள். பச்சைச் சேலைக்காரி தலையை ஆட்டி ஆட்டி ரசித்தாள். மூலையில் ஆர்மோனியக்காரர் வாயைத் திறந்து திறந்து மூடினார். சேறு முழங்காலுக்கு ஏறியது.

பாடுவதை நிறுத்தவும் முடியவில்லை. வாய் தானாகப் பாடியது. சத்தம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே போனது. தானும் அந்த மூலையில்தான் உட்காரப் போகிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் தூரத்தில் பிளாஸ்க் தெரிந்தது.

பேச்சியம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சேற்றில் நடந்து வந்தாள். “வராதேடி, போயிடு!” என்று கத்தப் பார்த்தார். அதுவும் பாட்டாகத்தான் வந்தது. கைதட்டினார்கள்.

அவள் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு வந்து இரண்டாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்து பாட்டுக் கேட்டதே இல்லை. எல்லாக் கச்சேரியிலும் மேடைக்குப் பின்னால் ஸ்டவ்வைப் பற்றவைத்து வெந்நீர் போட்டுக்கொண்டிருப்பாள். இப்போது எதிரே இருந்தாள். இவளும் கைதட்டிவிடுவாளே, இவளும் இங்கேயே தங்கிவிடுவாளே என்று அவர் பயந்தார்.

பாட்டு உச்சத்துக்குப் போனது.

பேச்சியம்மாள் கையைக் கட்டிக்கொண்டாள். பாகற்காயைக் கடித்த மாதிரி முகத்தைச் சுளித்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து, சேலையில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டு, வந்த வழியே நடந்தாள்.

கைதட்டல் நின்றது.

அத்தனை தலையும் ஒன்றாக அவள் பக்கம் திரும்பியது. யார் முகத்திலும் கோபம் இல்லை. அப்படி ஒன்றை அவர்கள் பார்த்ததே இல்லை போலிருந்தது.

சொர்ணலிங்கத்தின் கால் சேற்றிலிருந்து விடுபட்டது. குதித்தார். விழுந்தார். எழுந்து அவள் முதுகைப் பார்த்து ஓடினார்.

“திரும்பிப் பாக்காதீங்க” என்று அவள் வெந்நீரை நீட்டினாள். நடந்துகொண்டே குடித்தார். பாதி சட்டையில் கொட்டியது.

பாதி தூரம் வந்ததும் கேட்டார்.

“உனக்கு என் பாட்டு பிடிக்கலையா?”

“பிடிக்கலை.”

“இன்னிக்கா?”

“பொண்ணு பாக்க வந்த இடத்துல பொண்ணைப் பாடச் சொல்லாம நீங்க பாடினீங்களே. அன்னியிலேருந்து.”

அவர் நின்றுவிட்டார். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

“பின்னே எதுக்குடி இத்தனை வருஷமா ராப்பகலா வெந்நீர் வெச்சுக் குடுத்தே?”

“தொண்டைக்குக் குடுத்தேன். பாட்டுக்கா குடுத்தேன்?”

அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கம்மிய தொண்டையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கரையில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உலகம்மை கரண்டியால் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

“தொண்டை எப்படி இருக்கு?”

“வலிக்குதும்மா.”

“நல்லது. உக்காருங்க, சாப்பிடலாம்.”

அவர் உட்காரவில்லை. வற்றிய அணையிலிருந்து மறுபடியும் கைதட்டல் கேட்டது. ஓலையை அடிக்கிற அதே சத்தம்.

“அம்மா, மேடையில இன்னொருத்தர் இருக்காரு.”

“தெரியும். உங்களுக்கு முன்னாடி இதே கேள்வியோட வந்தவர்.”

“ஐயோ, அவரைக் கூட்டிட்டு வர யாரும் போகலையா?”

“போகாம என்ன? பெண்சாதி போனா. ரெண்டு பிள்ளைங்க போச்சு. மச்சினன் ஓடினான்.” உலகம்மை குழம்பை இறக்கி வைத்தாள். “முன் வரிசையில பாத்திருப்பீங்களே.”

சொர்ணலிங்கம் பேச்சியம்மாளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“அவங்க ஏன் எந்திரிக்கலை?”

“அவர் வீட்டுல எல்லாருக்கும் அவர் பாட்டு பிடிக்கும்.”