எண்ணெயை விட்டவர்

"எனக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கும்மா. நான் ஊருக்கே போயிடறேன்" என்றார் மாசிலாமணி. கையில் துணிமூட்டை இருந்தது.

மலையடிவாரத்து மடம் அது. குரு தாயம்மைக்கு நாற்பது வயது, சீடர் மாசிலாமணிக்கு அறுபது. ஞானம் வயதைப் பார்த்தா வருகிறது?

"என்ன ஆச்சு?"

"பொழுது சாஞ்சா ஒண்ணும் தெரியல. நேத்து படின்னு நெனச்சுக் குளத்துல காலை வெச்சுட்டேன். சாயங்காலம் பாட்டுப் படிக்கிற வேலையும் போச்சு. தண்டச்சோறு எதுக்கு?"

"கண்ணுக்குன்னு நான் சொன்னதைச் சாப்பிடுறீங்களா?"

"தெனமும் காரட்டு, முருங்கைக்கீரை. மாடு மாதிரி மேயறேன். தின்னதெல்லாம் எங்க போகுதுன்னே தெரியல."

"எதுல சமைக்கிறீங்க?"

"வெறும் தண்ணியில. எண்ணெய், நெய், தேங்காய் எதையும் தொடுறதில்ல. நோன்பு."

மனிதர் வடைப் பிரியர். அந்த ஆசையை ஒழிக்க எண்ணெயையே விட்டுவிட்டார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான், பாவம்.

தாயம்மை அடுப்படிக்குப் போனார். காரட்டைத் துருவி, பாதியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டார். மீதியைச் சூடான தேங்காயெண்ணெயில் போட்டு வதக்கினார். பிறகு இரண்டையும் வடித்து, இரண்டு வெள்ளைக் கிண்ணங்களில் ஊற்றி வெயிலில் வைத்தார்.

தண்ணீர் ஏறக்குறையத் தண்ணீராகவே இருந்தது. எண்ணெய் செம்மஞ்சளாக மாறியிருந்தது.

மாசிலாமணி குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"காரட்டோட நிறத்தை எண்ணெய்தான் வாங்கிக்கிட்டிருக்கு."

"ஆமா. கண்ணுக்கான சத்தும் அதுலதான் கரையும், எண்ணெய் இல்லாம உடம்புல சரியா ஒட்டாது. அது சரி, வடை ஆசை போச்சா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெனமும் கனவுல வருதும்மா. சட்னியோட."

தாயம்மைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காரட்டையும் அந்த எண்ணெயையும் அவர் வேகவைத்திருந்த கீரையில் கொட்டிக் கிளறி, அவருக்கு இலை போட்டுப் பரிமாறினார்.

"அப்போ என் நோன்பு?"

"கீரை ஆறிடும், சாப்பிடுங்க."

மாசிலாமணி மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட்டார். முதல் வாயிலேயே கண் கலங்கிவிட்டது.

சில வாரங்கள் போயின. ஒரு மாலை, குளத்துப் படிகளில் கால் தடுக்காமல் ஏறி ஓடிவந்தார் அவர்.

"அம்மா! இன்னும் விளக்கே ஏத்தல, உங்க முகம் தெரியுது! இன்னிக்குப் பாட்டு நான்தான் படிப்பேன்!"

"படிங்க, சந்தோஷம். வடை இன்னும் கனவுல வருதா?"

பாட்டுப் புத்தகத்தை எடுக்கப் போன மாசிலாமணி திரும்பிப் பார்த்தார்.

"எந்த வடை?"