வெறும் வட்டத்துல குதிச்ச அதிகாரி

வருஷம் ரெண்டாயிரத்துப் பத்து, மேளம் மூணு, ஆளு பேரு யூஃபீமியா. கரீபியன் கடல்ல ஒரு குட்டித் தீவுல இருந்தா. "ம்" சொல்லிக்கிட்டே வரணும், சரியா?

ம்.

அவளோட முன்னோரை ஆப்பிரிக்காவுலேருந்து அடிமையா கப்பல்ல ஏத்திட்டு வந்தாங்க. கையில ஒண்ணும் எடுத்துட்டு வர விடல. அப்புறம் என்ன பண்ணாங்க? துரைமாருங்க குடிச்சுப் போட்ட ரம் பீப்பாயில ஆட்டுத்தோலைக் கட்டி, தங்களோட நாட்டுத் தாளத்தை அடிச்சாங்க. டும் டும் டுகுடும்.

அந்தத் தீவுல ஒருத்தர் செத்தா, ஒரு வருஷம் கழிச்சுத்தான் சமாதிக்கல்லை நிமுத்துவாங்க. அன்னிக்கு மேளம் அடிப்பாங்க. சுத்தி ஊரே நிக்கும், நடுவுல வட்டம் மட்டும் வெறுமையா கிடக்கும். ஏன்னா முதல் ஆட்டம் செத்தவங்களோடது. அது முடியிற வரைக்கும் உசுரோட இருக்கிற யாரும் உள்ள கால் வைக்கக் கூடாது.

ம்.

யூஃபீமியாவோட அம்மா போய் வருஷம் ஆயிடுச்சு. கல்லு கொல்லையில மல்லாந்து கிடக்கு. அப்போ பாத்து, புர்ர்ருனு ஒரு ஜீப்பு. தலைநகரம் இருக்கிற பெரிய தீவுலேருந்து பண்பாட்டுப் பாதுகாப்பு அதிகாரி லூவெலின் வந்து இறங்கினார். ரெண்டு புத்தகம் படிச்சுட்டு, அங்க பொறந்தவங்களுக்கே அந்தத் தீவைப் பத்திப் பாடம் எடுக்கிற ஆளு. நடு மேளத்தைத் தட்டிப் பார்த்தார். அதுதான் செத்தவங்களைக் கூப்பிடுற மேளம், அது இல்லாம கல்லை நிமுத்த முடியாது.

"இதைப் பாதுகாக்கணும். நீங்க அடிச்சு அடிச்சுக் கெடுக்கிறீங்க"ன்னார்.

"மேளத்தை அடிக்காம, தடவியா கொடுப்பாங்க, சார்?"ன்னா யூஃபீமியா.

சார் முத்திரை போட்ட ஒரு காகிதத்தை நீட்டினார். நடு மேளம் ஜீப்புல போயிடுச்சு.

அப்புறம் அவ படகேறி பெரிய தீவு அருங்காட்சியகத்துக்குப் போனா. மேளம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள. "தொடாதீங்கம்மா, கையில ஈரம் இருக்கும்"ன்னார் லூவெலின்.

ரெண்டாவது தடவை போனா. "தோல் ஓய்வெடுக்குது"ன்னார்.

"எங்கம்மாவும் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கா, சார்."

மூணாவது தடவை போனா. "சனிக்கிழமை மந்திரி வர்றார். மேடையில நாலு நிமிஷம் அடிச்சுக் காட்டுங்க. அப்புறம் பெட்டிக்குள்ள வெச்சுடணும்"ன்னார். அவருக்குப் பண்பாடுன்னா நாலு நிமிஷம். அஞ்சாவது நிமிஷம் டீ.

சரின்னுட்டா. ஒரு தடவையாவது அம்மா காதுல விழட்டுமேன்னு.

ம்.

சனிக்கிழமை, அருங்காட்சியக மேடையில, யூஃபீமியா ஊர் மேளக்காரர் கத்பர்ட் நடு மேளத்துல கை வெச்சார். டும் டும் டுகுடும். நடுவுல வட்டம் வெறுமையா கிடக்கு. ஒருத்தரும் அசையல. லூவெலினுக்கு வேர்த்துக் கொட்டுது. "வெக்கப்படுறாங்க போல"ன்னு மந்திரிகிட்ட பல்லைக் காட்டிட்டு, தொம்முனு வட்டத்துக்குள்ள குதிச்சு இடுப்பை ஆட்டினார்.

மேளம் நின்னுடுச்சு.

யூஃபீமியா அவரை ஏற இறங்கப் பார்த்தா. முதல்ல வட்டத்துல வர்றது செத்தவங்க. அப்போ இவரும் செத்தவருதானே? செத்தவங்களுக்குத் தரையில ஊத்தக் கொண்டுவந்த ரம் குப்பியை எடுத்து, அவர் பளபள ஷூ மேல சளக்குனு ஊத்தினா. "போய்ச் சேர்ந்த லூவெலினுக்கு"ன்னா.

கத்பர்ட் தொப்பியைக் கழட்டினார். "நல்ல மனுஷன்னு சொல்ல ஆசைதான். வாய் வரமாட்டேங்குது."

"நான் உசுரோடதான்யா இருக்கேன்"ன்னார் லூவெலின்.

செத்தவங்களுக்குப் பதில் சொல்ற பழக்கம் அங்க கிடையாது. கூட்டத்துல இருந்த குட்டித்தீவுக்காரங்க எல்லாரும் எழுந்து தொப்பியைக் கழட்டினாங்க. மந்திரியும் எதுக்குன்னே தெரியாம கழட்டினார்.

அப்புறம் மேளத்தைத் தூக்கினாங்க. "பெட்டியில வைங்க, பெட்டியில"ன்னு லூவெலின் பின்னாடியே வந்தார்.

"கத்பர்ட்டு, ஜன்னல் திறந்திருக்கா? காத்து இரையுது"ன்னா யூஃபீமியா.

"டிரைவர், கதவைச் சாத்துய்யா"ன்னு லூவெலின் கத்தினார். ஜீப்பு டிரைவரும் குட்டித்தீவுக்காரன். அவர் பேச்சு அவன் காதுல விழல. மேளத்தோட ஒரு பக்கத்தைப் பிடிச்சுப் படகுல ஏத்திவிட்டான்.

கண்ணாடிப் பெட்டி இன்னும் அங்கேயே இருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல. மேல அட்டை தொங்குது: "பாதுகாக்கப்பட்டது".

"ம்" நின்னுபோச்சே. கண்ணை மூடிக்கோ, இன்னும் ஒரே ஒரு வரிதான்.

2011 மார்ச் 6, ஞாயித்துக்கிழமை, யூஃபீமியாவோட அம்மா தலைமாட்டுல கல்லை நிமுத்தினாங்க.