எடுக்காமல் விட்ட கட்டி

அருளப்பன் தன் குருவைவிட மூன்று வயது மூத்த சீடர். குரு, குடல் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் பொற்கொடி. கத்தியைக் கையில் கொடுக்கும்போது வயதையா பார்க்கிறார்கள்?

நோயாளி மாசாணம், பொள்ளாச்சிப் பக்கம் கல்யாணச் சமையல்காரர். சிறுகுடலில் கட்டி. மெதுவாக வளருகிற புற்று அது. ஹார்மோனைக் கசியவிட்டு முகத்தைக் குப்பென்று சிவக்க வைக்கும். பாவம், ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் ஊரில் குடிகாரப் பட்டம் வாங்கியவர்.

"டாக்டரம்மா, ரசத்துல நான் உப்புப் பார்க்கோணும், ஒரு வாய் சோறு திங்கோணும். அது போச்சுன்னா நான் இருந்து என்னங்க பண்ண?" என்றார், ஆபரேஷனுக்கு முந்தின நாள்.

பொற்கொடி கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். அருளப்பன் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வயிற்றைத் திறந்தார்கள். கட்டி இருந்த குடல் பகுதி வெளியே வந்தது. அதிலிருந்து பரவிய சின்னக் கட்டிகளும் வந்தன. ஒன்று மட்டும், குடல் முதுகோடு சேருகிற இடத்தில் ஒட்டிக்கிடந்தது.

"இதையும் எடுத்துடலாம் மேடம்."

"விரலை வைங்க. என்ன தெரியுது?"

"கல்லு மாதிரி இருக்கு."

"அடியில?"

அருளப்பன் விரலை அசைக்காமல் வைத்திருந்தார். "துடிக்குது. குடலுக்குப் போற ரத்தக்குழாய்."

"அது கிழிஞ்சா?"

"குடல் மொத்தமும் போயிடும். அப்புறம் ஆயுசுக்கும் சாப்பாடு ட்ரிப்ஸ்லதான்." குரல் இறங்கிவிட்டது. "ஆனா நான் கிழிக்க மாட்டேன் மேடம்."

பொற்கொடி வயிற்றை மூடத் தையல் நூலைக் கேட்டார்.

அருளப்பனுக்கு வந்ததே கோபம்! மயக்கம் தெளிந்த மாசாணத்திடம் உண்மையைச் சொன்னதும் பொற்கொடிதான். ஒரு துண்டு உள்ளே இருக்கிறது, மாதாமாதம் ஊசி போட்டு அடக்கிவைப்போம், வளர்ந்தால் அப்போது பார்ப்போம் என்றார். அருளப்பன் பக்கத்தில் உம்மென்று நின்றார்.

சில நாள் கழித்து வார்டு வாசலில் வெடித்தே விட்டார்.

"உள்ள மிச்சம் வெச்சுட்டு வர்றதெல்லாம் ஒரு ஆபரேஷனா மேடம்? அங்கயே நிறுத்தணும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

உள்ளே மாசாணம் முதல் கவளம் ரசஞ்சாதத்தை வாயில் வைத்திருந்தார். முகத்தைச் சுளித்தார்.

"ஏனுங்க சிஸ்டர், யாருங்க இந்த ரசத்தை வெச்சது? உப்பே இல்லீங்களே!"

அவர் மனைவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"அவர்தான் சொன்னார்," என்று உள்ளே கையைக் காட்டினார் பொற்கொடி. "நீங்க அப்போ ஸ்கேனைப் பார்த்துட்டு இருந்தீங்க."