கையில்லாத இருவாச்சியின் கைராசி

நெடுஞ்செவி என்ற முயல் வைத்தியம் பார்த்த காலத்தில், சாரல்காட்டில் இருமலுக்குக்கூட ஒரு மரியாதை இருந்தது. நீளமான காதை முதுகில் வைப்பாள். சில்லென்று இருக்கும். "மூச்சை இழுங்க... விடுங்க!" என்பாள். நெஞ்சைக் கேட்டு முடித்த பிறகுதான் வாய் திறப்பாள். அந்தக் குளிர்ச்சிக்கு இன்றும் ஏங்காத முதுகு அந்தக் காட்டில் இல்லை.

ஒருநாள் கருமந்தி என்ற குரங்கு இருமிக்கொண்டே வந்தாள்.

"வெறும் சளிதான் அக்கா. வெந்நீர் குடிங்க, ஓய்வெடுங்க. மூச்சு வாங்கினா உடனே வாங்க!"

"செவ்விதை தரமாட்டியா?"

"அது மார்புக்காய்ச்சலை விரட்டுற மருந்து. சளிக்கு எதுக்கு?"

"பெரிய வைத்தியச்சி! வெந்நீர் குடிக்க எனக்குத் தெரியாதா?"

கருமந்தி நேரே, காட்டு விதைகளைச் சேர்த்து வைத்திருக்கும் இருவாச்சிப் பறவையிடம் போனாள். அவனுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. அலகு நிறையச் செவ்விதை கொடுத்தான். ஒரு வாரத்தில் இருமல் நின்றது. மருந்து தின்றால் ஏழு நாள், தின்னாவிட்டால் ஒரு வாரம், அதுதானே சளி! ஆனால் காடே கொண்டாடியது.

"இருவாச்சிக்கு என்ன கைராசி!"

அவனுக்குக் கையே கிடையாது என்பதுகூட யாருக்கும் உறைக்கவில்லை. தும்மினால் செவ்விதை, தொண்டை கரகரத்தால் செவ்விதை என்று ஆனது.

அடைமழை வந்தது. கருமந்தியின் குட்டிக்கு நிஜமாகவே மார்புக்காய்ச்சல். விலா குழிந்து குழிந்து மூச்சு இழுத்தது. இருவாச்சி செவ்விதை கொடுத்தான்.

நெஞ்சுக்குள் இருந்த கிருமிகள் செவ்விதையைப் பார்த்துச் சிரித்தன. "வாங்க மாமா! தினம் பார்க்கிற முகந்தானே, உட்காருங்க!"

கருமந்தி குட்டியைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்செவியிடம் ஓடினாள். "தாயே! என் பிள்ளை உடம்புக்கு மருந்து பழகிப்போச்சா?"

முயல் காதை வைத்துக் கேட்டாள். அவள் முகம் வாடியது. "உடம்புக்கு இல்லை அக்கா, கிருமிக்குப் பழகிப்போச்சு!"

மலையுச்சியில் ஒரு கசப்பு வேர் உண்டு. மழையில் ஏறி அதைப் பிடுங்கி வந்தாள். புகட்டினாள், பக்கத்திலேயே இருந்தாள். குட்டி பிழைத்தது. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு கிளை தாவினாலே அதற்கு மூச்சு வாங்கியது.

நெடுஞ்செவி இன்று இல்லை. யாராவது இருமினால் கருமந்தி தன் முதுகைத் தடவிக்கொள்கிறாள்.

"அவ காது வெச்சுக் கேட்டா. நான்தான் அவ சொன்னதைக் கேட்கலை!" என்கிறாள்.

கேட்டபோதெல்லாம் கொடுக்கிற மருந்து, தேவைப்படும்போது கேட்காது.